கதவு சிஸ்டர்

போன மாதம் கவிதா என்னை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கி ஊசி போடக் கற்றுக்கொண்டவள், இப்போது குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கே பொறுப்பு. "புது வார்டு தொறந்திருக்கோம் சிஸ்டர், நீங்க வந்து பாக்கணும்" என்றாள். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறென்ன வேலை? போனேன்.

குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலில் அந்தக் குழந்தையின் தாய். சாப்பாடு, தூக்கம், டாக்டர் பார்ப்பது எல்லாம் அங்கேயே. ஒரு பெண் நெஞ்சோடு குழந்தையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இட்லி தின்றுகொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ் பெண் என்னிடம் கேட்டாள்: "ஏன் சிஸ்டர், உங்க காலத்துல அம்மாங்கள உள்ளயே உடமாட்டீங்களாமே? ஏன் அப்பிடி?"

கவிதா அவள் கையைக் கிள்ளியதைப் பார்த்தேன். "அப்போ இடம் ஏதும்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது பொய். இடம் இருந்தது. கதவைச் சாத்தி வைத்தவள் நான்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கனகம்மாசத்திரம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நிறையக் கோபம். அந்தக் கோபம்தான் எனக்குச் சீதனமாக வந்தது. சென்னையில் மூன்று வருடம் நர்ஸ் படிப்பு. அங்கே நன்றாகக் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்: கை கழுவுவது, மேலே இருப்பவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்காமல் இருப்பது. படிப்பு முடிந்ததும் திருத்தணி மலைக்குக் கீழே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அது இன்று இல்லை. கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. நான் யாரையும் உள்ளே விடாமல் காவல் காத்த அறையில் இப்போது மணப்பெண்கள் பவுடர் பூசிக்கொள்கிறார்கள்.

நான் சேர்ந்த முதல் வருடத்தில் அந்த அறையில் தொப்புளில் சீழ் பிடித்து அடுத்தடுத்து மூன்று குழந்தைகள் போயின. பார்க்க வந்த சனம் தொட்டதால்தான் என்று அப்போதிருந்த ஹெட் சிஸ்டர் முடிவு செய்தார். அன்று முதல் குறைமாதக் குழந்தை இருக்கும் அறைக்குள் டாக்டர், நர்ஸ் தவிர ஈ, காக்காய் நுழையக்கூடாது. அவர் போன பிறகு நான் ஹெட் ஆனேன். அவர் சாத்திய கதவுக்கு நான் தாழ்ப்பாளும் போட்டேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதையும் பச்சைத் துணியால் மூடினேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கதவு சிஸ்டர்' என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

அம்மையார்குப்பத்திலிருந்து தனலட்சுமி வந்தது அந்த நாட்களில். நெசவுக் குடும்பம். தலைப்பிரசவம். எட்டாம் மாதம் தொடங்கும்போதே பிறந்துவிட்ட ஆண் குழந்தை. மயக்க மருந்து தெளிந்து அவள் கண் விழிப்பதற்குள் குழந்தை கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் நாளிலிருந்து அவள் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சியை விட்டு நகரவில்லை. சில்வர் டம்ளரில் பால் பீய்ச்சிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவாள். நான் ஒரு சாண் திறந்து டம்ளரை வாங்குவேன்.

"எப்பிடி கீறான் சிஸ்டர்?"

"நல்லா இருக்கான். போய் உக்காரு."

ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இதே கேள்வி, இதே பதில். ஒன்பதாம் நாள் மத்தியானம் குழந்தை இறந்துவிட்டது. வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்றுதான் அவளுக்காகக் கதவை முழுதாகத் திறந்தேன். அவள் பெஞ்சியில் உட்கார்ந்து மடியில் வாங்கினாள். துணியைப் பிரித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அழவில்லை. "இவ்ளோ சின்னவனா?" என்று மட்டும் கேட்டாள். பெற்றவள் பிள்ளையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் என் மேல் தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை. விதிப்படிதானே எல்லாம் செய்தேன்?

சில வருடம் கழித்து டாக்டர் பாஸ்கர் வந்தார். நகரிப் பக்கத்துக்காரர். குழந்தை மருத்துவர் என்றால் ஒரு தோரணை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவர் குழந்தைகள் அறைக் கதவைத் தட்டிவிட்டு, நான் "வாங்க சார்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே வருவார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவார். பிறகு குழந்தையிடம் குனிந்து, "தொடறேன் கண்ணா" என்று அனுமதி கேட்பார். ஒரு கிலோ குழந்தை பதில் சொல்லுமா என்ன? ஆனாலும் ஒரு விநாடி காத்திருப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

தாய்மார்களையும் அவர் விடவில்லை. பிள்ளை பெற்றதோடு கணக்கு முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் வந்த பிறகு, பிரசவமான பெண்ணுக்கு மணிக்கொரு தடவை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், தலைவலிக்கிறது, கண் மங்குகிறது என்று அவள் சொன்னால் உடனே அவரைக் கூப்பிட வேண்டும் என்று ஆனது. நாங்கள் முணுமுணுத்தோம். கவிதா மட்டும் ஒழுங்காகச் செய்தாள்.

ஒரு நாள் என் பச்சைத் துணியைப் பார்த்து, "இது எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்டார்.

"பாத்துப் பாத்து அழுவாங்க சார்."

"பாக்காம இருந்தா அழமாட்டாங்களா?"

துணி போயிற்று. அடுத்து, தாயின் வெறும் நெஞ்சில் குழந்தையை வைத்துக் கட்டினால் சூடும் கிடைக்கும், மூச்சும் சீராகும், தாய்மார்களை உள்ளே விடலாம் என்றார். நான் சண்டைக்கே போனேன். "கிருமி வந்தா யார் சார் பொறுப்பு?" என்று கேட்டேன். "நீங்கதான். அதனால கை கழுவறத நீங்களே அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையிடம் போய்விட்டார். குரலை உயர்த்தாத மனிதரிடம் சண்டை போடுவது தண்ணீரைக் குத்துகிற மாதிரி. கடைசியில் பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் என்று நான் இறங்கி வந்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்படி அரைக்கதவாக நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆடிக் கிருத்திகை வந்தது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து சுகந்தி என்ற பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை கர்ப்பம் கலைந்தவள். இந்த முறை ஏழரை மாதத்தில் அழுத்தம் ஏறி, கிருத்திகைக்கு முந்தின நாள் பிரசவமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் "தல வெடிக்கிற மாரி வலிக்குதுக்கா" என்று கவிதாவிடம் சொல்லியிருக்கிறாள். கவிதா டாக்டரைக் கூப்பிட, வலிப்பைத் தடுக்கிற மருந்து கையோடு ஏறியது. அதையும் மீறி ஒரு முறை வலிப்பு வந்தது. மருந்து போட்டிருந்ததால் உயிர் தங்கியது. சாயங்காலமே ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினோம். அவளுடைய அம்மாவும் கூடப் போய்விட்டார். குழந்தை எங்களிடம். ஆண். ஒரு கிலோ இருநூறு.

எங்களிடம் இருந்தது இரண்டு வார்மர். ஒன்றில் வேறொரு குழந்தை. சுகந்தியின் பிள்ளை இருந்த வார்மர் மறுநாள் காலையில் சூடு விட்டுவிட்டது. பழுது பார்க்கிறவர் வர முடியாது, ஊருக்குள் வண்டி நுழையாது. தெருவெல்லாம் மஞ்சள் வேட்டி, காவடி, பம்பைச் சத்தம், அரோகரா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் மறுநாள்தான் இடம் என்றார்கள். அட்டைப் பெட்டியில் பல்பு கட்டிப் பார்த்தோம். புறங்கையால் குழந்தையின் காலைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. வயிற்றில் மட்டும் கொஞ்சம் சூடு இருந்தது. சில நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சை மறந்துவிடுவான். உள்ளங்காலைச் சுண்டினால் மறுபடி இழுப்பான்.

"யார் நெஞ்சிலயாவது கட்டணும் சிஸ்டர். இப்பவே" என்றார் டாக்டர். வார்டில் இருந்த இரண்டு பெண்களும் முந்தின நாள் ஆபரேஷன் ஆனவர்கள். நானும் கவிதாவும்தான் மொத்த ஆஸ்பத்திரிக்கும். லேபர் ரூமில் ஒருத்திக்கு வலி எடுத்துக்கொண்டிருந்தது.

"அப்பா எங்க?" என்று கேட்டார்.

அப்பா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். பெயர் முரளி. விசைத்தறி ஓட்டுகிறவன். இந்தக் குழந்தை தங்கினால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, கழுத்தில் மாலை, கையில் காப்பு. காப்புக் கட்டியவனைப் பிள்ளை பிறந்த தீட்டு ஒட்டாது, ஆனால் அவனும் பிள்ளை பெற்ற இடத்தின் வாசலை மிதிக்கக்கூடாது என்று அவர்கள் பக்கம் ஒரு கட்டு. அதனால் அவன் உள்ளேயே வரவில்லை. அவனுடைய அக்கா புருஷன், அவன் பாவா என்று கூப்பிடுகிறவர், மணிக்கொரு தடவை உள்ளே வந்து சேதி கேட்டுப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முரளி கையிலிருந்த காப்பைப் பிடித்துக்கொண்டான்.

"காப்பு கட்டிகினு கீறேன் சிஸ்டர். நான் அவனத் தொட்டா சாமிக் குத்தம் ஆயிடும். அவனுக்கே எதுனா ஆயிட்டா?"

"ஏற்கெனவே ரெண்டு போயிட்டிச்சி, பயப்படறான் பாவம்" என்றார் பாவா.

என் அப்பாவின் சீதனம் அப்போது வெளியே வந்தது. "உள்ள புள்ள குளிர்ல சாவுது, இங்க சாமி வேஷமா? நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று தெரு கேட்கக் கத்தினேன். காவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முரளி கூட்டத்துக்குள் போய்விட்டான்.

திரும்பி வந்தேன். டாக்டர் குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னீங்க?" என்றார். சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழந்தையை என் கையில் கொடுத்து, "நீங்க கொஞ்சம் வெச்சிக்கிறீங்களா? நான் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, அவனை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளாதவள் நான். அத்தனை வருடமாகக் குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட இப்படி வைத்துக்கொண்டதில்லை. ஈரக் கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டான். எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. முரளிக்கு ஒரு வாசல், மிதிக்கக்கூடாது. எனக்கு ஒரு கதவு, திறக்கக்கூடாது. இரண்டும் பயத்தில் வந்த கட்டுதான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

டாக்டர் அவனை டீக்கடைப் பக்கம் கண்டுபிடித்திருக்கிறார். அவர் என்ன பேசினார் என்பதைப் பாவா பிறகு எனக்குச் சொன்னார். "சாமியப் பத்தி நான் பேச வரல. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். கால் சில்லுனு ஆயிடிச்சி. வயிறும் சில்லுனு ஆச்சின்னா அப்புறம் எனக்கு வழி தெரியாது. நீங்க வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி, நான் உங்கள தப்பா நெனைக்க மாட்டேன்." இவ்வளவுதான். சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இருபது நிமிடம் இருக்கும். முரளி வாசலில் நின்றான். தெருக் குழாயில் குளித்துவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. மாலையும் காப்பும் அப்படியே இருந்தன. பின்னால் பாவா அவனுடைய காவடியைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"குடுங்க சிஸ்டர்" என்றான். "சாவறதா இருந்தா எம்மேலயே சாவட்டும். தனியா சாவ வேணாம்."

தனலட்சுமியின் பெஞ்சி ஞாபகம் வந்தது. அழுவதற்கு நேரம் இல்லை.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன். மாலையைக் கழற்றச் சொல்லவில்லை, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். தலையில் குல்லாய், காலில் உறை, இடுப்பில் ஒரு துணி, அவ்வளவுதான் குழந்தைக்கு உடுப்பு. நெஞ்சின் நடுவே நிமிர்ந்தபடி வைத்து, கால்களைத் தவளை மாதிரி மடித்து, தலையை ஒரு பக்கம் திருப்பினேன். கழுத்து மடங்கினால் மூச்சு அடைத்துவிடும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுற்றிக் கட்ட ஆஸ்பத்திரிப் புதுத் துணி ஒன்றை எடுத்தேன். முரளி அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"இதுல கஞ்சி கீது சிஸ்டர். இவன் தோலு தாங்காது. எம் பையில பழைய லுங்கி கீது, நானே ஓட்டினது, நூறு வாட்டி தொவச்சது."

எத்தனை குழந்தைகளை அந்தக் கஞ்சித் துணியில் சுற்றியிருப்பேன்! அந்த லுங்கியை வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டுச் சூடாகவே கட்டினோம்.

மத்தியானம் முழுக்க அவன் அசையவில்லை. வெளியே பம்பை அடித்துக்கொண்டு காவடிகள் போய்க்கொண்டிருந்தன. குழந்தை மூச்சை மறக்கும்போதெல்லாம், நான் காலைச் சுண்டுவதற்கு முன்பே இவன் முதுகைத் தடவி, "மூச்சு உடு நைனா, உடுறா என் நைனா" என்பான். அரை மணிக்கொரு தடவை காலைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் அப்படியேதான் இருந்தது. பிறகு சில்லிப்பு கொஞ்சம் குறைந்தது. நாலு மணி வாக்கில் குழந்தையின் பாதம் என் கையை விடச் சூடாக இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தொட்டுப் பார்த்தார். முரளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பாவா அவனுக்குப் பதிலாகக் காவடியை மலைக்குக் கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தார். வந்து, கேட்டிலிருந்தே திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஆனால் பிள்ளை இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று டாக்டர் அனுப்பவில்லை. வார்டில் பால் மிகுந்த ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கி, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். முரளி தறிக்குப் போகவில்லை. இரண்டு மணி நேர விதி தானாகச் செத்துப்போனது.

பன்னிரண்டாம் நாள் சுகந்தி சென்னையிலிருந்து வந்தாள். கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. முரளி பிள்ளையைத் தன் நெஞ்சிலிருந்து எடுத்து அவள் நெஞ்சில் வைத்தான். அப்புறம் சொல்ல ஆரம்பித்தான். எப்போது முதலில் கொட்டாவி விட்டான், எப்போது விக்கினான், பாலைக் கண்டால் நாக்கை எப்படி நீட்டுவான், தும்மினால் இரண்டு தும்மலாகத்தான் வரும். ஒன்று விடாமல் சொன்னான். அவள் "ஆங்... ஆங்..." என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போன பன்னிரண்டு நாளும் அவளுக்குத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தன.

நான் மருந்துத் தட்டோடு அங்கேயே நின்றேன். தனலட்சுமிக்கும் ஒன்பது நாள் இருந்தது. அவளுக்கு நான் கொடுத்ததெல்லாம், "நல்லா இருக்கான், போய் உக்காரு."

அடுத்த வாரமே அம்மையார்குப்பம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று ஒரு வருடம், இத்தனை நாள் கழித்து எதற்கு என்று பத்து வருடம். கதவை முழுக்கத் திறந்தேன், தாய்மார்களைக் கூட வைத்துக்கொண்டேன், நல்ல சிஸ்டர் என்று பெயரும் வாங்கினேன், ஓய்வும் பெற்றேன். அந்தச் சின்னப் பெண் "ஏன் அப்பிடி?" என்று கேட்கும் வரை அம்மையார்குப்பம் பஸ் என் கண் முன்னால்தான் போய்வந்துகொண்டிருந்தது.

போன வாரம் அதில் ஏறினேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உள்ளே விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசல் அறையில் ஒரு பெண் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கதவு சிஸ்டர்தான?"

தலையை ஆட்டினேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். கட்டிக் கொடுத்த மகளைப் பற்றியும், தறி ஓட்டுகிற மகனைப் பற்றியும் சொன்னாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உம் புள்ளய உங்கிட்ட காட்டாம வெச்சிருந்தது நான்தான். அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் அறுந்திருந்த ஒரு நூல் முனையை எடுத்து முடிச்சுப் போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா சிஸ்டர்?" என்றாள். "நான் பாக்கும்போது மூடிகினு இருந்தான். அவன் கண்ணு தொறந்தானா?"

திறந்தான். ஆறாம் நாள் காலையில், எடை போடத் தூக்கியபோது. நோட்டில் அதை எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. எழுதி முடித்த கையோடு அவள் டம்ளரைக் கொண்டுவந்து கதவைத் தட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

"தொறந்தாம்மா. மொதல்ல வலது கண்ணு. அப்புறம் மெதுவா இன்னொண்ணு. ஜன்னல் வெளிச்சத்துக்கு மொகத்த சுளிச்சான். அப்புறம் என்னையே பாத்துகினு இருந்தான். நல்ல கரு கருன்னு கண்ணு."

தனலட்சுமி எழுந்தாள். உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். தறிச் சத்தத்தில் அவள் புருஷனுக்குக் கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய் அவளே தறியை நிறுத்தினாள். வாசல் வரைக்கும் அவள் குரல் கேட்டது.

"இங்க வாயேன், சீக்கிரம் வா. நம்ம பெரியவன் கண்ணு தொறந்தானாம்!"